கண்மாய் போய் மனை வந்த கதை: மதுரையின் வளர்ச்சியை ஊர்ப்பெயர்களில் வாசித்தல்

மதுரையில் 2023 ஏப்ரல் மாதம் நீண்ட பறக்கும் பாலம் ஒன்று திறக்கப்பட்டது. நத்தம் சாலைக்கு மேலே 7.3 கிலோமீட்டர் செல்லும் அப்பாலம் தல்லாகுளத்தில் ஏறிச் செட்டிகுளத்தில் இறங்குகிறது. அதே சாலையில் ஊமச்சிகுளம் என்றோர் ஊரும் உண்டு. அதே ஆண்டு ஜூலையில் அச்சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறக்கப்பட்டது. இவ்விரண்டையும் காட்டியே இன்று அப்பகுதியில் வீட்டுமனைகள் விற்கப்படுகின்றன. குளத்தில் தொடங்கிக் குளத்தில் முடியும் ஒரு பாலத்தில் பயணம் செய்கிறவர் கண்ணில் எத்தனை குளங்கள் படும் என்று கேட்டால் விடை சொல்வது கடினம்.

ஊர்ப்பெயர் ஆய்வு என்றவுடன் நம்மில் பலருக்குக் கல்வெட்டும் இலக்கியச் சான்றும் நினைவுக்கு வரும். நான் அதே துறையை வேறொரு பயனுக்காக எடுத்துக்கொண்டேன். மதுரையில் இன்று நிலம் எப்படி மனையாகிறது, அந்த மாற்றத்தில் எது அழிகிறது, வாங்குகிறவர் எதை அறியாமல் வாங்குகிறார் என்பவற்றைப் பெயர்களையும் ஆவணச் சொற்களையும் கொண்டு அறிய முடியுமா என்பதே என் கேள்வி. நம் நாட்டுத் தமிழர் குடும்பங்கள் சிலவற்றுக்கு இன்றும் அங்கே நிலமோ, நிலம் வாங்கும் ஆசையோ இருப்பதால் இது வெறும் ஏட்டுக் கேள்வியும் அன்று.

பெயரில் இருக்கும் நீர்

மதுரை நகரப் பேருந்தில் ஏறி நடத்துநர் கூவும் நிறுத்தங்களைக் கேட்டுக்கொண்டே போனால் போதும். தல்லாகுளம், பீபீகுளம், சொக்கிகுளம், ஆத்திகுளம், மாடக்குளம், நாகனாகுளம், கரிசல்குளம் எனக் குளங்கள் வரிசையாக வரும். தத்தனேரியிலும் உலகனேரியிலும் ஏரி இருக்கிறது. கருப்பாயூரணியில் ஊருணி இருக்கிறது. கண்ணனேந்தலில் ஏந்தல் இருக்கிறது. மேலமடையில் மடையே இருக்கிறது.

குளம், ஏரி, ஊருணி ஆகியவற்றைத் தமிழ்ப்பள்ளியில் நாம் ஒரே பொருள் தரும் சொற்களாகவே மனனம் செய்திருப்போம். மதுரைச் சீமையில் அவை ஒன்றல்ல. ஊருணி ஊரார் குடிப்பதற்கான நீர்நிலை. அதில் மாடு இறங்க விடமாட்டார்கள். ஏந்தல் மழைநீரை ஏந்திக்கொள்ளும் சிறிய பாசன நீர்நிலை. கண்மாய் வயலுக்கு நீர் தரும் பெரிய நீர்நிலை. தொண்டை மண்டலத்தார் ஏரி என்பதைப் பாண்டிய நாட்டார் கண்மாய் என்கிறார்கள். கண்மாயின் கரையில் நீரைத் திறந்துவிடும் வாய்தான் மடை. ஆக, மேலமடை என்ற பெயரைக் கேட்டவுடனே அங்கே ஒரு கரை இருந்தது, கரைக்கு ஒருபுறம் நீர் தேங்கியது, மறுபுறம் வயல் இருந்தது என மூன்று செய்திகள் தெரிந்துவிடுகின்றன. ஒரு நில அளவையாளர் வரைந்து காட்ட வேண்டியதை ஒரு சொல் காட்டிவிடுகிறது.

புதிய பெயர்கள் அப்படி இல்லை. அண்ணா நகர், கே.கே. நகர் தொடங்கி அண்மையில் பிரிக்கப்பட்ட மனைப்பிரிவுகள் வரை எல்லாம் ‘நகர்’ என்றோ ‘கார்டன்’ என்றோ ‘அவென்யூ’ என்றோ முடிகின்றன. முன்னொட்டாகத் தலைவர் பெயரோ, சாமி பெயரோ, மனை பிரித்தவரின் மகள் பெயரோ இருக்கும். இதில் தவறு ஒன்றும் இல்லை. நம் ஊரிலும் ரப்பர்த் தோட்டத்தின் பெயர் போய்ப் பூவின் பெயரில் தாமான்கள் வந்தனவே! ஆனால் ‘நகர்’ என்ற பெயர் அந்த நிலம் மேடா பள்ளமா என்பதைச் சொல்லாது.

முதல் மனைப்பிரிவு

மதுரையில் நீர் இருந்த இடத்தை நிரப்பி வீடு கட்டுவது இன்று நேற்றுத் தொடங்கியதன்று. ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் 1830-களின் பிற்பகுதியில் தொடங்கி நகரின் கோட்டைச் சுவரை இடிக்கச் செய்தார். சுவரின் மண்ணும் கல்லும் அகழிக்குள் போயின. அகழி தூர்ந்து தெருவாயிற்று. மக்களுக்கு அங்கே நிலம் கிடைத்தது. இன்றைய வெளிவீதிகள் அந்தக் கோட்டையின் சுற்றுவட்டத்தில் அமைந்தவை. மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி ஆகியவை அப்பணியில் ஈடுபட்டவர்களின் பெயரைத் தாங்கியவை என்பர். பிளாக்பர்ன் நினைவாக நட்ட விளக்குக் கம்பம் ‘விளக்குத்தூண்’ என்று இன்றும் கடைத்தெருவில் நிற்கிறது. துணி எடுக்க மதுரைக்குப் போகிற மலேசியர் அதைக் கடக்காமல் திரும்புவதில்லை.

அந்த மாற்றத்தில் நகரம் மூச்சுவிட இடம் பெற்றது என்றே சொல்ல வேண்டும். அகழி போரைத் தடுக்க வெட்டியது. போர் முடிந்தபின் அதற்கு வேலை இல்லை. கண்மாயின் கதை வேறு. அதற்கு வேலை இருந்தது.

1971இல் மாநகராட்சியான மதுரை, பல ஆண்டுகள் ஏறத்தாழ 52 சதுர கிலோமீட்டர் எல்லைக்குள் இருந்தது. 2011இல் அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம் ஆகிய நகராட்சிகளும் விளாங்குடி, திருநகர் போன்ற பேரூராட்சிகளும் கண்ணனேந்தல், நாகனாகுளம், மேலமடை முதலிய ஊராட்சிகளும் சேர்க்கப்பட்டன. வார்டுகள் 72இலிருந்து 100 ஆயின. பரப்பு ஏறத்தாழ 148 சதுர கிலோமீட்டராயிற்று. அவ்வாண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகர மக்கள் 10 இலட்சத்தைத் தாண்டியிருந்தனர். நகரம் ஏறக்குறைய மூன்று மடங்கு விரிந்தது என்று பாடநூல் நடையில் எழுதிவிடலாம். உண்மையில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வயல்கள் மனைகளாகியிருந்தன. எல்லைக்கோடுதான் பின்னால் நடந்து வந்தது.

கண்மாய் எப்படிச் சாகிறது

கண்மாயை யாரோ ஒருநாள் லாரியில் மண் கொண்டுவந்து மூடிவிடுகிறார்கள் என்றே பலரும் எண்ணுகிறோம். நான் படித்தும் பார்த்தும் அறிந்த வரையில் அது கடைசிக் காட்சி. முதல் காட்சி கண்மாய்க்குள் நடப்பதில்லை. கரைக்கு அந்தப்புறம், வயலில் நடக்கிறது.

ஒரு கண்மாய்க்கு மூன்று உறுப்புகள் உண்டு. மேலே நீர் வரும் வரத்துக்கால். நடுவே நீர் தேங்கும் பரப்பும் கரையும். கீழே அந்த நீர் பாயும் வயல். அதற்கு ஆயக்கட்டு என்று பெயர். கண்மாய் நிறைந்தால் மிகுதி நீர் வெளியேறும்; அதை மதுரைப் பக்கம் ‘மறுகால் பாய்கிறது’ என்பார்கள். அந்த மறுகால் நீர் அடுத்த கண்மாய்க்கு வரத்து. இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாகச் சங்கிலி போலப் போய்க் கடைசியில் ஆற்றில் சேரும்.

இந்தச் சங்கிலியைக் காத்தவர் ஆயக்கட்டுக்காரர். வாய்க்காலில் மண் சேர்ந்தால் தன் நெல் கருகும் என்பதால் அவர் மண்வெட்டி எடுத்தார். ஊர் கூடி மராமத்து செய்ததை நாம் பண்பாடு என்று புகழ்கிறோம். அது பெரும்பாலும் தேவை. ஆயக்கட்டு வயல் மனையாக விற்கப்பட்டவுடன் அந்தத் தேவை போய்விடுகிறது. மடையைத் திறக்கச் சொல்லிக் கேட்க யாரும் இல்லை. வரத்துக்காலில் குப்பை விழுந்தால் சண்டை போட யாரும் இல்லை. நான்கைந்து ஆண்டுகளில் கண்மாய் கருவேலங்காடாகிறது. அப்போதுதான் அது எல்லார் கண்ணுக்கும் ‘சும்மா கிடக்கிற இடம்’ ஆகிறது. வருவாய்த் துறை ஏட்டில் அதற்குப் பெயர் புறம்போக்கு.

இச்சொல்லை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். வரி விதிப்புக்குப் புறம்பாக விடப்பட்ட நிலம் என்பதே புறம்போக்கின் பொருள். பொது நன்மைக்கானது என்பதால்தான் வரி இல்லை. நீர்நிலைப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு, மயானப் புறம்போக்கு என அதில் வகைகள் உண்டு. பேச்சு வழக்கில் இச்சொல் எதற்கும் உதவாதவனைத் திட்டும் வசையாகிவிட்டது. எல்லாருக்கும் உரியது என்ற சொல் யாருக்கும் வேண்டாதது என்ற பொருளுக்கு இறங்கியிருக்கிறது. சொற்பொருள் இழிபுக்கு விரிவுரையில் தரும் எடுத்துக்காட்டுகளைவிட இது எனக்கு நன்றாகப் புரிகிறது.

‘சும்மா கிடக்கிற இடத்தை’ முதலில் எடுத்துக்கொண்டவர்கள் ஏழைகள் அல்லர், மனை வணிகர்கள்கூட அல்லர். மதுரை மாநகராட்சியின் தலைமை அலுவலகம் தல்லாகுளம் கண்மாய் இருந்த பகுதியில் நிற்கிறது. 2004 ஜூலையில் திறக்கப்பட்ட உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உலகனேரிக் கண்மாயில் எழுந்தது. அரசுக்கு நகரருகே பெரிய நிலம் வேண்டும். தனியாரிடம் வாங்கினால் இழப்பீடு, வழக்கு. கண்மாய்க்கு அவை இல்லை. அலுவலகம் வந்தால் சாலை வரும், சாலை வந்தால் சுற்றிலும் விலை ஏறும். மதுரையின் வடபுறம் இப்படித்தான் வளர்ந்தது. 2007இல் தமிழ்நாட்டில் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தனிச் சட்டம் வந்தது. அதன்கீழ்க் கரையோரக் குடிசைகள் அகற்றப்படும் செய்தியைப் படிக்கும்போதெல்லாம், அந்த வழக்குகளை விசாரிக்கும் கட்டடம் எங்கே நிற்கிறது என்பது எனக்கு நினைவுக்கு வந்துவிடுகிறது. நீதிமன்றம் தென்மாவட்ட மக்களுக்குத் தேவையில்லை என்பதன்று என் வாதம்; சென்னைக்கு அலைந்த எத்தனையோ பேருக்கு அது வரம். ஆனால் அளவுகோல் இரண்டாக இருக்கிறது.

இரண்டு வகை ஆபத்து

கடந்த ஆண்டு இறுதி விடுமுறையில் அம்மாவின் சிற்றப்பா வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். எனக்கு அவர் சின்னத் தாத்தா. வயலை விற்றுவிட்டு ஓய்வாக இருப்பவர். அவர் மகன் நகருக்கு வடக்கே ஐந்து சென்ட் மனை பார்த்துக்கொண்டிருந்தார். (ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. நூறு சென்ட் ஓர் ஏக்கர்.) நானும் உடன் போனேன். தரகர் அகலமான தார்ச்சாலையையும் தெருவிளக்கையும் காட்டி, ஆழ்துளைக் கிணற்றில் நாற்பது அடியிலேயே இனிப்பான தண்ணீர் என்றார். எல்லாருக்கும் மகிழ்ச்சி. தாத்தா மட்டும் மனையின் ஓரத்தில் பாதி புதைந்திருந்த ஒரு கருங்கல்லின் பக்கம் போய் நின்றார்.

“இது என்ன கல்லு தெரியுமா தாயி? மடைக்கல்லு. நாப்பது அடியில தண்ணி இல்லாம பின்ன எங்க போகும்? இது தண்ணி படுத்துக் கெடந்த எடம்.”

தரகர் சிரித்துக்கொண்டே, “பெரியவரே, பேப்பர் எல்லாம் பக்காவா இருக்கு,” என்றார். தரகர் சொன்னதும் பொய்யன்று. அந்த மனைக்குப் பட்டா இருந்தது; மனைப்பிரிவுக்கு ஒப்புதல் இருந்தது.

இங்கே இரண்டு ஆபத்துகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, நீர்நிலைப் புறம்போக்கிலேயே பிரிக்கப்பட்ட மனை. அது சட்டத்துக்குப் புறம்பு. இன்றோ நாளையோ பறிபோகும். மற்றொன்று, முறையான பட்டா நிலமாகவே இருந்து, கண்மாய்க்குக் கீழே பழைய ஆயக்கட்டில் அமைந்த மனை. அது சட்டப்படி சரி. நீரின் கணக்கில்தான் சரியில்லை. பாசன வயல் என்பது கண்மாயைவிடத் தாழ்ந்திருந்தால்தான் பாசனம் நடக்கும். அந்தத் தாழ்வுதான் இப்போது வீட்டின் தரை. முதலாவதைப் பற்றி நாளிதழ்கள் நிறைய எழுதுகின்றன. இரண்டாவதே எண்ணிக்கையில் மிகுதி என்று நான் நினைக்கிறேன், ஏனெனில் கண்மாயின் பரப்பைவிட ஆயக்கட்டின் பரப்பு பொதுவாகப் பெரிது. இதில் வேடிக்கை, ‘சுவையான நிலத்தடி நீர்’ என்ற விளம்பர வரியே அந்த நிலம் எதுவாக இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது. மனை பார்க்கப் போகிறவர்களோ பெரும்பாலும் வெயில் காலத்தில் போகிறார்கள். மதுரைக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்.

2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் பெய்த கனமழையில் செல்லூர் வட்டாரத்தில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. செல்லூர்க் கண்மாயின் மறுகால் நீர் பந்தல்குடி வாய்க்கால் வழியே வைகைக்குப் போக வேண்டும். இருபுறமும் வீடுகள் நெருக்கி, கழிவும் குப்பையும் அடைத்துக் கிடந்த வாய்க்காலால் அத்தனை நீரைக் கொண்டுபோக இயலவில்லை. 2025 மே மாத இறுதியில் அப்போதைய முதலமைச்சர் அவ்வழியே வரவிருந்தபோது அந்த வாய்க்கால் துணி கட்டி மறைக்கப்பட்டது பெரிய செய்தியாயிற்று. பிறகு அவர் நேரில் போய்ப் பார்வையிட்டார். நகரின் தென்பகுதியில் ஓடும் கிருதுமால் நதியின் நிலையும் இதுவே. அதை நதி என்று சொன்னால் உள்ளூர்ப் பிள்ளைகளே நம்ப மறுக்கிறார்கள்.

பத்திரம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

மலேசியாவிலிருந்து நிலம் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். நம் நாட்டில் 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி, அரசுப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்பது அடிப்படை. ‘கிராண்ட்’ கையில் இருந்தால் நமக்குத் தூக்கம் வருகிறது. இந்தியாவில் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் ஆவணத்தைத்தான் பதிகிறது, உரிமையை அன்று. விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்ததற்குச் சார்பதிவாளர் பொறுப்பேற்பதில்லை. அதனால்தான் அங்கே தாய்ப்பத்திரம், அதற்கு முந்தைய மூலப்பத்திரம் என்று பின்னோக்கிப் படித்துக்கொண்டே போகிறார்கள்.

‘வில்லங்கச் சான்று’ என்பதை எடுத்துக்கொள்வோம். வில்லங்கம் என்றால் நமக்குத் தொல்லை, வம்பு. அங்கே அது ஒரு நிலத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் முதலியவற்றின் பட்டியல். வில்லங்கம் இல்லை என்று வந்தால் நிலத்தில் ஒரு சிக்கலும் இல்லை என்று வாங்குகிறவர் எண்ணிவிடுகிறார். அந்தச் சான்று பதிவான பரிமாற்றங்களை மட்டுமே காட்டும். நிலத்தின் குறுக்கே ஒரு வரத்துக்கால் போனதா என்பது அதில் வராது. பட்டாவிலும் பெயர், அளவு, நன்செய், புன்செய் என்ற விவரங்கள் வரும். பக்கத்துப் புல எண் கண்மாயா என்பதை நாம்தான் தேட வேண்டும்.

ஒப்புதல் பெறாத மனைப்பிரிவுகள் பல ஆண்டுகள் தடையின்றி விற்கப்பட்டு வந்தன. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளைப் பதிவதற்குத் தடை விதித்தது. தமிழ்நாடு முழுவதும் பத்திரப் பதிவு படுத்துவிட்டது. சேமிப்பை ஒரு மனையில் போட்டிருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். 2017இல் அரசு வரன்முறைப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்து, 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைகளுக்குக் கட்டணத்தின் பேரில் வழி செய்தது. நீர்நிலை நிலங்களுக்கு அந்த வழி இல்லை. அதே 2017இல் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்துக்கான தமிழ்நாட்டு விதிகளும் வந்தன. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளை ஆணையத்தில் பதிய வேண்டும். இவை நல்ல மாற்றங்களே. மதுரை வீதிகளில் இன்று ‘அப்ரூவ்டு’ என்ற சொல் இல்லாத மனை விளம்பரம் அரிது. ஆனால் ஒப்புதல் என்பது சாலை அகலத்தையும் பூங்கா இடத்தையும் உறுதி செய்யும் அளவுக்கு, அறுபது ஆண்டுகளுக்கு முன் அங்கே நீர் எந்த வழியில் போனது என்பதை மனை வாங்குபவர் முன் விரித்து வைப்பதில்லை.

தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டுமானம் முழுமூச்சில் தொடங்கியது 2024இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளிலும் ‘எய்ம்ஸ் அருகில்’ மனைகள் விற்கப்பட்டுக்கொண்டே இருந்தன. மருத்துவமனைக்கு முன்பே அதன் பெயர் விலை போயிற்று. நம்மவர்களுக்குப் ‘பண்ணை மனை’ என்ற பெயரிலும் நிலம் காட்டப்படுகிறது. ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கும் மலேசியத் தமிழர் அங்கே வீடோ வீட்டுமனையோ வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணைவீடு ஆகியவற்றை வாங்க இந்திய அந்நியச் செலாவணி விதிகள் இடம் தருவதில்லை. மாமரமும் கிணறும் காட்டும் வண்ணத்தாளில் இச்செய்தி இருக்காது.

சின்னத் தாத்தா வீட்டில் அன்றிரவு அந்த மனையின் புல எண்ணைக் கணினியில் போட்டுப் பார்த்தோம். தமிழ்நாட்டு வருவாய்த் துறையின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ என்ற இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் ஆகியவற்றைக் கொடுத்தால் ‘அ’ பதிவேட்டின் விவரமும் புலப்படமும் கிடைக்கின்றன. ஒரு நிலம் புறம்போக்கா என்றும் பார்க்கலாம். கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டும் இதைச் செய்யலாம். ஒரு செய்தி: அங்கே கேட்கும் கிராமப் பெயர் வருவாய்க் கிராமத்தின் பழைய பெயர்தான்; மனைப்பிரிவின் ‘நகரை’ அந்தப் பட்டியல் அறியாது. எங்கள் மனையின் எண் நன்செய் என்று வந்தது. அதற்கு அடுத்த எண்ணையும் போடச் சொன்னார் தாத்தா. வாய்க்கால் என்று வந்தது. அதற்கும் அடுத்த எண்ணைப் போட்டோம். கண்மாய். மாமா நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தரையை நான்கடி உயர்த்திக் கட்டினால் செலவு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடத் தொடங்கினார்.